ஹார்டு டிஸ்க்கும் ஓர் அமானிதமே

(ஜவ்வாது மலை, அடிவாரக் குடும்பங்களுக்காக நமது அறக்கட்டளை நடத்திய குடும்ப நலக் கூட்டத்தில், ஆவணச் சேவைக் குழுவின் சார்பில் ஆற்றிய உரை. வர இயலாத சகோதர சகோதரிகளுக்காக இங்கே எழுத்தில் தருகிறோம்.)



ஹார்டு டிஸ்க் வாங்குவது பற்றியும் அதைப் பராமரிப்பது பற்றியும் பேசச் சொல்லி எங்களை நிறுத்தியிருக்கிறார்கள். “இதைப் பேச ஒரு கூட்டமா?” என்று சிலர் கேட்டீர்கள். நியாயமான கேள்விதான். அதற்குப் பதிலாக, முதலில் எங்கள் குழு செய்த ஒரு தவற்றை உங்கள் முன் வைக்கிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன் உங்கள் வீட்டுப் பத்திரங்கள், மதிப்பெண் சான்றிதழ்கள், பழைய புகைப்படங்கள், பள்ளிவாசலின் நிக்காஹ் தஃப்தர் எல்லாவற்றையும் வாங்கி ஸ்கேன் செய்தோம். சிலர் கொடுத்த பழைய கேசட்டுகளையும் கம்ப்யூட்டரில் ஏற்றினோம். அசலைத் திருப்பிக் கொடுக்கும்போது, “கவலைப்படாதீர்கள், எங்களிடம் பத்திரமாக இருக்கிறது” என்று சொன்னோம். அந்தப் ‘பத்திரம்’ என்பது அலுவலக அலமாரியில் இருந்த ஒரே ஒரு ஹார்டு டிஸ்க்.

போன மழைக்காலத்தில் ஒருநாள் மாலை அதை லேப்டாப்பில் மாட்டி வேலை செய்துகொண்டிருந்தோம். கேபிள் மேசைக்கு வெளியே தொங்கியது. எழுந்து போன ஒருவரின் கால் தட்டியது. டிஸ்க் ஓடிக்கொண்டிருந்தபடியே சிமெண்டுத் தரையில் விழுந்தது. எடுத்து மாட்டினோம். ‘டிக், டிக்’ என்று சத்தம் வந்தது. பதறிப் போய், கழற்றிக் கழற்றி ஐந்தாறு தடவை மாட்டிப் பார்த்தோம். மறுநாள் ஒரு கடைக்குக் கொண்டுபோனோம். அங்கே எங்கள் கண் முன்னாலேயே மேல்மூடியைத் திறந்து பார்த்தார்கள். அதன் பிறகு சென்னையில் தரவு மீட்பு செய்பவர்களிடம் கொடுத்தபோது, உள்ளே தகடு கீறிப்போய்விட்டது, இனி எதுவும் செய்ய முடியாது என்று சொல்லிவிட்டார்கள்.

பெரும்பாலான குடும்பங்களிடம் அசல் இருந்ததால் மறுபடியும் ஸ்கேன் செய்துவிட்டோம். ஆனால் ஒரு சகோதரி தன் மர்ஹூம் கணவரின் குரல் இருந்த கேசட்டைக் கொடுத்திருந்தார். நோன்பு நாட்களில் பிள்ளைகளை உட்காரவைத்து அவர் யாஸீன் ஓதிக் கொடுத்த பதிவு அது. கேசட் ஏற்கெனவே பூஞ்சை பிடித்து நைந்துபோய், எங்களிடம் ஒருமுறை ஓடியதோடு அறுந்துவிட்டது. அந்தக் குரல் அந்த ஒரு டிஸ்க்கில் மட்டும்தான் இருந்தது. விஷயத்தைச் சொல்ல அவர் வீட்டுக்குப் போனோம். “பரவாயில்லை தம்பி, அல்லாஹ் நாடியது” என்றார். எங்களுக்கு டீ போட்டுக் கொடுத்தார். அவர் ஏசியிருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

அதே டிஸ்க்கில் இருந்த இன்னொரு வீட்டின் ஆவணங்கள் முழுவதும் தப்பின. அந்த வீட்டுக் கல்லூரி மாணவி, ஸ்கேன் செய்த அன்றே ஒரு பென்டிரைவ் கொண்டுவந்து, “அத்தாவுடைய பேப்பர் எல்லாம் எனக்கும் ஒரு காப்பி போட்டுத் தாங்க” என்று கேட்டு வாங்கிப்போயிருந்தார். எங்களுக்குத் தோன்றாதது அந்தப் பிள்ளைக்குத் தோன்றியது. இன்று நாங்கள் சொல்ல வந்ததன் சாரமும் அதுதான். எவ்வளவு நல்ல டிஸ்க் வாங்கினாலும், எவ்வளவு கவனமாக வைத்தாலும், ஒரே ஒரு பிரதியை நம்பி இருக்காதீர்கள்.

எழுதிவைப்பது நம் மார்க்கத்தில் புதிதல்ல

கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி, சாட்சி வைத்துக்கொள்ளுமாறு சூரா அல்பகராவில் அல்லாஹ் கட்டளையிட்டிருக்கிறான். குர்ஆனிலேயே மிக நீண்ட வசனம் அதுதான்.

குர்ஆன் நமக்கு வந்து சேர்ந்த வரலாற்றையும் நினைத்துப் பாருங்கள். யமாமா போரில் குர்ஆனை மனனம் செய்த பல ஸஹாபாக்கள் ஷஹீதானார்கள். அதைக் கண்டு கவலைப்பட்ட உமர் (ரலி) அவர்கள், குர்ஆனை ஒரே தொகுப்பாக எழுதிவைக்க வேண்டும் என்று கலீஃபா அபூபக்ர் (ரலி) அவர்களிடம் எடுத்துச் சொன்னார்கள். ஸைத் பின் ஸாபித் (ரலி) அவர்கள் அந்தப் பொறுப்பை ஏற்றார்கள். அந்தப் பிரதி பின்னர் அன்னை ஹஃப்ஸா (ரலி) அவர்களிடம் இருந்தது. உஸ்மான் (ரலி) அவர்களின் காலத்தில் அதிலிருந்து பிரதிகள் எடுக்கப்பட்டு வெவ்வேறு நகரங்களுக்கு அனுப்பப்பட்டன. குர்ஆனைப் பாதுகாப்பதாக அல்லாஹ்வே பொறுப்பேற்றிருக்கிறான். அப்படி இருந்தும் அந்த உத்தமர்கள் தங்கள் பங்கு முயற்சியை விட்டுவிடவில்லை. நெஞ்சிலும் வைத்தார்கள், ஏட்டிலும் வைத்தார்கள், ஒரே ஊரில் வைக்காமல் பல ஊர்களிலும் வைத்தார்கள். ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கச் சொன்ன நபிமொழியும் நமக்குத் தெரிந்ததுதான்.

நம் பக்கத்து அனுபவமும் இதையே சொல்கிறது. 1903 நவம்பரில் பாலாறு பெருகி வாணியம்பாடியை மூழ்கடித்ததைப் பெரியவர்கள் வழிவழியாகச் சொல்லி வந்திருக்கிறார்கள். 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் எத்தனையோ வீடுகளில் பத்திரமும் சான்றிதழும் சேறாகிப்போயின. நகல் சான்றிதழ் கொடுக்க அரசு தனி முகாம்களே நடத்த வேண்டியிருந்தது. 2025 ஜூன் 6 அன்று மத்திய அரசு ‘உமீத்’ இணையதளத்தைத் தொடங்கி, வக்ஃப் சொத்துகளின் விவரங்களை ஆறு மாதத்திற்குள் பதிவேற்றச் சொன்னது. பழைய காகிதம் எந்தப் பெட்டியில் இருக்கிறது, யார் வீட்டில் இருக்கிறது என்று முத்தவல்லிகள் அலைய வேண்டியிருந்ததை மறந்திருக்க மாட்டீர்கள்.

ஆவணம் காப்பதற்கு நம் மலையிலேயே நல்ல உதாரணம் இருக்கிறது. காவலூர் வானாய்வகம். 1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் கோள் ஒரு நட்சத்திரத்தை மறைத்துக் கடந்தபோது, அந்த நட்சத்திர ஒளி விட்டுவிட்டு மங்கியதை அங்கிருந்த தொலைநோக்கியிலும் பதிவு செய்தார்கள். யுரேனஸைச் சுற்றி வளையங்கள் இருப்பது உலகத்துக்குத் தெரியவந்தது அன்றைய பதிவுகளால்தான். அந்த நிகழ்வு சில மணி நேரத்தில் முடிந்துவிட்டது. மிஞ்சியது பதிவு மட்டும்தான். இதே நிறுவனத்தின் கொடைக்கானல் ஆய்வகத்தில் 1900களின் தொடக்கத்திலிருந்து எடுத்த சூரியப் படங்களைக் கண்ணாடித் தகடுகளில் பாதுகாத்து, இப்போது கம்ப்யூட்டரிலும் ஏற்றியிருக்கிறார்கள். சூரியன் நாளையும் உதிக்கும். ஆனால் நூறு வருஷத்துக்கு முன்னால் உதித்த சூரியனை மறுபடி படம் எடுக்க முடியாது. நம் வீட்டுப் பெரியவர்களின் குரலும் அப்படித்தான்.

முதலில் இரண்டாகப் பிரியுங்கள்

டிஸ்க் வாங்குவதற்கு முன், எதைக் காக்கப் போகிறோம் என்று வீட்டில் உட்கார்ந்து பேசுங்கள். இரண்டு குவியலாகப் பிரிக்கலாம்.

ஒன்று, தொலைந்தால் அலைந்து திரிந்தாவது திரும்ப வாங்கக்கூடியவை. பட்டா, சிட்டா, வில்லங்கச் சான்று, ஆதார், மதிப்பெண் சான்றிதழ் போன்றவை. பட்டாவையும் வில்லங்கச் சான்றையும் அரசின் இணையதளங்களிலேயே எடுத்துவிடலாம். 2015-இல் தொடங்கிய டிஜிலாக்கரில், அந்தந்தத் துறை நேரடியாக வழங்கும் ஆவணத்துக்குச் சட்டப்படி அசலுக்குரிய மதிப்பு உண்டு. ஆனால் நாமே ஸ்கேன் செய்து அதில் ஏற்றும் காகிதத்துக்கு அந்த மதிப்பு இல்லை. வீட்டு ஹார்டு டிஸ்க்கில் இருப்பதும் நகல்தான். ஆகவே, ஸ்கேன் செய்துவிட்டோம் என்று அசலை அசட்டையாக விடாதீர்கள்.

இன்னொன்று, போனால் போனதுதான் என்பவை. நன்னாவின் குரல், உம்மாவின் கையெழுத்து, நிக்காஹ் தஃப்தரின் பழைய பக்கங்கள், வளைகுடாவில் இருந்து அத்தா அனுப்பிய கடிதங்கள், புளியும் தேனும் சாமையும் வாங்கி விற்ற கடைக் கணக்கு நோட்டுகள். இவற்றை எந்த அலுவலகத்திலும் மனுப் போட்டு வாங்க முடியாது. பெரும்பாலும் நாம் முதல் குவியலுக்குக் காட்டும் கவனத்தில் பாதியைக்கூட இதற்குக் காட்டுவதில்லை.

“எல்லாவற்றையும் இன்டர்நெட்டில் போட்டுவைத்தால் ஆகாதா?” என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். ஆகும், அதுவும் ஒரு நல்ல பிரதிதான். ஆனால் நம் மலைக் கிராமங்களில் சிக்னல் கிடைப்பதே பெரும்பாடு. ஒரு கல்யாண வீடியோவை ஏற்றுவதற்குள் விடிந்துவிடும். அதனால்தான் கையில் வைத்துக்கொள்ளும் டிஸ்க் நமக்கு அவசியம்.

எதை வாங்குவது?

கடையில் இரண்டு வகை காட்டுவார்கள்.

முதல் வகை, ஹார்டு டிஸ்க். உள்ளே பளபளவென்ற வட்டத் தகடுகள் சுழலும். கையடக்கமானவை பெரும்பாலும் நிமிடத்துக்கு 5,400 சுற்று. தகட்டின் மேல் ஒரு சின்ன ஊசிமுனை மிதந்தபடி படிக்கும். இரண்டுக்கும் உள்ள இடைவெளி நம் தலைமுடியின் தடிமனில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஓடும்போது விழுந்தால் முனை தகட்டில் மோதிவிடும். எங்களுக்கு நடந்தது அதுதான். ஆனால் குறைந்த விலைக்கு அதிக இடம் கிடைக்கும்.

இரண்டாவது வகை, எஸ்.எஸ்.டி. உள்ளே சுழல்வது எதுவும் இல்லை. அதிர்ச்சியைத் தாங்கும், வேகமும் அதிகம், விலையும் அதிகம். ஆனால் அது பழுதானால் பெரும்பாலும் முன்னறிவிப்பு இல்லாமல் ஒரேயடியாகப் போய்விடும். மின்சாரமே காட்டாமல் வருஷக்கணக்கில் பீரோவில் போட்டுவைத்தாலும் எழுதியது அழிய வாய்ப்பு உண்டு. சூடான இடத்தில் வைத்தால் இன்னும் சீக்கிரம் அழியும்.

எங்கள் ஆலோசனை இது. அடிக்கடி பையில் போட்டுப் பஸ்ஸில் கொண்டுபோகிற மாணவர்களுக்கு எஸ்.எஸ்.டி. நல்லது. வீட்டில் ஓரிடத்தில் வைத்து மாதம் ஒருமுறை எடுக்கும் குடும்பங்களுக்கு ஹார்டு டிஸ்க் போதும். ஒரே ஒரு பெரிய, விலை உயர்ந்த டிஸ்க் வாங்கும் பணத்தில், நடுத்தர அளவில் இரண்டு வாங்குங்கள். இரண்டையும் வேறு வேறு கம்பெனியாகவோ, வேறு வேறு மாதத்திலோ வாங்கினால், ஒரே தயாரிப்புக் குறை இரண்டிலும் இருக்கும் வாய்ப்பு குறையும்.

எவ்வளவு பெரியது? காகிதம் ஒரு பக்கம் ஸ்கேன் செய்தால் ஏறத்தாழ ஒரு எம்.பி. ஆயிரம் பக்கம் ஒரு ஜி.பி.தான். ஒரு குடும்பத்தின் எல்லாக் காகிதமும் ஒரு சின்ன பென்டிரைவில் அடங்கிவிடும். இடத்தை விழுங்குவது வீடியோதான். செல்போனில் எடுக்கும் வீடியோ நிமிடத்துக்குச் சுமார் 100 எம்.பி., சில நேரம் அதற்கு மேலும் போகும். சாதாரணக் குடும்பத்துக்கு 1 டெராபைட் தாராளம். கல்யாண வீடியோக்கள் நிறைய இருந்தால் 2 டெராபைட். ஒரு டெராபைட் டிஸ்க்கைக் கம்ப்யூட்டரில் மாட்டினால் 931 ஜி.பி. என்றுதான் காட்டும். கடைக்காரர் ஏமாற்றவில்லை. கம்பெனி எண்ணும் கணக்கும் கம்ப்யூட்டர் எண்ணும் கணக்கும் வேறு, அவ்வளவுதான்.

ஏமாற்று வேறிடத்தில் இருக்கிறது. ஆன்லைனில் ‘16 டெராபைட்’ என்று போட்டு, 1 டெராபைட் விற்கும் விலையைவிடக் குறைவாக எஸ்.எஸ்.டி. விளம்பரம் வரும். உள்ளே ஒரு சின்ன மெமரி கார்டை வைத்து, பெரிய அளவு காட்டும்படி மாற்றியிருப்பார்கள். கோப்புகளை ஏற்றிக்கொள்ளும். பெயர்ப் பட்டியலும் காட்டும். இடம் நிறைந்த பிறகு பழையதன் மேல் புதியது எழுதப்பட்டு, திறந்து பார்க்கும்போது எதுவும் திறக்காது. சந்தை விலையோடு ஒப்பிட்டால் நம்ப முடியாத அளவு மலிவாக இருக்கும் டிஸ்க்கை வாங்காதீர்கள்.

வாங்கும்போது பில் கேளுங்கள். வாரண்டி எத்தனை வருஷம் என்று பெட்டியில் பாருங்கள். வாரண்டி என்பது டிஸ்க்குக்கு மட்டும்தான். பழுதானால் புது டிஸ்க் தருவார்கள், உள்ளே இருந்த உங்கள் படங்களைத் தரமாட்டார்கள். பழைய டிஸ்க்கை, யாரோ பயன்படுத்தியதை, குடும்ப ஆவணத்துக்காக வாங்க வேண்டாம்.

வீட்டுக்கு வந்த முதல் நாள்

புது டிஸ்க்கில் உடனே முக்கியமானதை ஏற்றி, பழையதை அழித்துவிடாதீர்கள். ‘எச்2டெஸ்ட்டபிள்யூ’ என்ற இலவச மென்பொருள், டிஸ்க் முழுவதும் எழுதி, திரும்பப் படித்து, சொன்ன அளவு உண்மையா என்று காட்டிவிடும். பல மணி நேரம் ஆகும், இரவில் ஓடவிடலாம். டிஸ்க் காலியாக இருக்கும்போதே இதைச் செய்யுங்கள். ‘கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ’ என்ற இன்னொரு இலவச மென்பொருள், டிஸ்க்கின் உடல்நிலையைச் சொல்லும். ‘குட்’ என்றால் நல்லது. ‘காஷன்’ என்று மஞ்சளில் வந்தால் அன்றே வேறிடத்துக்குப் பிரதி எடுத்துவிட வேண்டும்.

விண்டோஸிலும் மேக்கிலும் செல்போனிலும் மாட்ட வேண்டியிருந்தால் ‘எக்ஸ்ஃபேட்’ முறையில் ஃபார்மட் செய்துகொள்ளலாம். ‘ஃபேட்32’ வேண்டாம், 4 ஜி.பி.க்கு மேற்பட்ட ஒரு வீடியோவை அது ஏற்காது.

கம்ப்யூட்டர் இல்லாத வீடுகளில் ஓ.டி.ஜி. இணைப்பான் வாங்கி செல்போனிலேயே மாட்டலாம். சுழலும் டிஸ்க்குக்குப் போனின் மின்சாரம் சில நேரம் போதாது, எஸ்.எஸ்.டி.யும் பென்டிரைவும் பெரும்பாலும் வேலை செய்யும். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் தரம் குறைந்துவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள். ‘டாகுமென்ட்’ ஆக அனுப்பினால் எடுத்தபடியே போகும்.

கோப்புகளுக்குப் பெயர் வையுங்கள். வெறும் எண்ணாக இருந்தால் பத்து வருஷம் கழித்து யாருக்கும் புரியாது. ‘1987 அத்தா அம்மா நிக்காஹ்’ என்று வருஷத்தை முன்னால் போட்டு எழுதினால் தானாகவே வரிசையில் நிற்கும்.

அன்றாடப் பராமரிப்பு

ஓடும்போது நகர்த்தக் கூடாது. மேசையின் நடுவில், படுக்கவைத்து, கேபிள் தொங்காமல் வையுங்கள். மடியில், கட்டிலில், மெத்தை மேல் வேண்டாம். குழந்தைகள் கேபிளைப் பிடித்து இழுப்பார்கள்.

கழற்றும் முன் கம்ப்யூட்டரில் ‘எஜெக்ட்’ கொடுத்து, அனுமதி வந்த பிறகு எடுங்கள். கோப்பு ஏறி முடிந்துவிட்டது போலத் தெரிந்தாலும் பின்னால் எழுதிக்கொண்டிருக்கக் கூடும். சுழல்வது நிற்கச் சில வினாடி ஆகும், அதுவரை கையில் தூக்காதீர்கள்.

நம் மலையில் மின்சாரம் எப்போது போகும் என்று தெரியாது. இடி மின்னல் நேரத்தில் பிரதி எடுக்காதீர்கள். டெஸ்க்டாப் கம்ப்யூட்டர் என்றால் யு.பி.எஸ். இருக்கட்டும். லேப்டாப் என்றால் பேட்டரி நிறைந்திருக்கும்போது வேலையைத் தொடங்குங்கள்.

மார்கழிப் பனியும் ஐப்பசி மழையும் இங்கே அதிகம். குளிரில் கொண்டுவந்த டிஸ்க்கை உடனே மாட்டாமல், அறையின் வெப்பத்துக்கு வரும்வரை ஒரு மணி நேரம் விட்டுவையுங்கள். உள்ளே வியர்த்திருந்தால் காய்ந்துவிடும். மூடி இறுக்கமான டப்பாவில், மருந்து டப்பாவிலும் புதுச் செருப்புப் பெட்டியிலும் வருகிற சிலிக்கா ஜெல் பொட்டலத்தைப் போட்டு வையுங்கள். அடுப்படி, ஜன்னலோரம், ஓட்டுக்குக் கீழே உள்ள பரண், டிவிக்கு மேலே, ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் வேண்டாம். தரையோடு ஒட்டிய அலமாரியும் வேண்டாம், தண்ணீர் முதலில் வருவது அங்கேதான்.

மாதம் ஒருமுறை எடுத்து மாட்டி, நாலைந்து கோப்புகளைத் திறந்து பாருங்கள். பெயர் இருந்தால் போதாது, படம் தெரிகிறதா, குரல் கேட்கிறதா என்று பாருங்கள். ஐந்து வருஷம் ஆகிவிட்டால், நன்றாக ஓடினாலும் புதியதுக்கு மாற்றத் திட்டமிடுங்கள். பழையதை உபரிப் பிரதியாக வைத்துக்கொள்ளலாம்.

நோய் வந்தால்

மெதுவாகிறது, கோப்பு திறக்க நெடுநேரம் ஆகிறது, நடுவில் தானாகக் காணாமல் போகிறது, இவையெல்லாம் ஆரம்ப அறிகுறிகள். முதலில் வேறு கேபிள் மாற்றிப் பாருங்கள், பல நேரம் குற்றம் கேபிளில்தான் இருக்கும். டிஸ்க்கே பழுது என்று தோன்றினால், எது மிகவும் வேண்டியதோ அதை முதலில் பிரதி எடுங்கள்.

“இந்த டிஸ்க்கை ஃபார்மட் செய்யவேண்டும்” என்று திரை கேட்டால், ‘வேண்டாம்’ கொடுத்துவிட்டுத் தெரிந்தவரிடம் காட்டுங்கள். தவறுதலாக அழித்துவிட்டால் அதன் மேல் புதிதாக எதுவும் எழுதாதீர்கள். எழுதாதவரை திரும்ப எடுக்க வழி இருக்கும். ஆனால் எஸ்.எஸ்.டி.யில் அந்த வாய்ப்பு மிகக் குறைவு.

‘டிக், டிக்’ சத்தம் வந்தால் உடனே கழற்றிவிடுங்கள். மறுபடி மாட்டாதீர்கள். ஒவ்வொரு தடவை மாட்டும்போதும் முனை தகட்டை இன்னும் கீறும். தட்டிப் பார்ப்பது, ஃபிரிட்ஜில் வைப்பது, அரிசிக்குள் புதைப்பது எதுவும் உதவாது. தூசி இல்லாத தனி அறை இல்லாமல் எவரையும் திறக்க விடாதீர்கள். நனைந்தால் ஹேர் டிரையர் காட்டாமல், மின்சாரம் கொடுக்காமல், மீட்பு செய்பவரிடம் கொண்டுபோங்கள். செலவு பெரும்பாலும் புது டிஸ்க் விலையைவிடப் பல மடங்கு ஆகும். கிடைக்கும் என்ற உறுதியும் இல்லை.

இரண்டாவது பிரதி இன்னொரு வீட்டில்

பீட்டர் குரோக் என்ற அமெரிக்கப் புகைப்படக்காரர் பரப்பிய ஒரு எளிய கணக்கு உலகம் முழுவதும் வழக்கத்தில் இருக்கிறது. 3-2-1. மூன்று பிரதி, இரண்டு விதமான சாதனம், ஒன்று வேறு இடத்தில். நம் குடும்பங்களுக்கு அது இப்படி அமையலாம். ஒன்று லேப்டாப்பில் அல்லது செல்போனில். இரண்டாவது, வீட்டு ஹார்டு டிஸ்க்கில். மூன்றாவது, வேறு ஊரில் இருக்கும் உறவினர் வீட்டில். ஜமுனாமரத்தூரில் இருப்பவர் ஆலங்காயத்தில் உள்ள மச்சான் வீட்டில் வைக்கட்டும். வாணியம்பாடி மச்சினன் டிஸ்க்கை மலையில் உள்ள அக்கா வீட்டில் வைக்கட்டும். வெள்ளம் வந்தால் மலை காக்கும், மலையில் வீடு ஒழுகினால் அடிவாரம் காக்கும். இரண்டு பெருநாளுக்கும் எப்படியும் போய் வருகிறோம். அப்போது டிஸ்க்கை மாற்றிக்கொள்ளலாம்.

பிரதி எடுத்து முடிந்ததும் டிஸ்க்கைக் கம்ப்யூட்டரில் இருந்து கழற்றிவிடுங்கள். எப்போதும் மாட்டியே இருந்தால், கம்ப்யூட்டரில் வைரஸ் புகுந்து கோப்புகளைப் பூட்டும்போது டிஸ்க்கில் இருப்பதையும் சேர்த்துப் பூட்டிவிடும். செல்போனில் இடம் போதவில்லை என்று படங்களை டிஸ்க்குக்கு ‘மூவ்’ செய்துவிட்டால் அது பிரதி ஆகாது. அப்போதும் ஒன்றுதான் இருக்கிறது, இடம்தான் மாறியிருக்கிறது.

தாய்மார்கள் பலர் தனியாக எங்களிடம் கேட்டது ஒன்று: “எங்கள் வீட்டுப் பெண்பிள்ளைகள் படம் அதில் இருக்கிறதே, தொலைந்தால் என்ன செய்வது?” நல்ல கேள்வி. டிஸ்க்குக்குப் பூட்டு போடலாம். விண்டோஸின் சில பதிப்புகளில் ‘பிட்லாக்கர்’ இருக்கிறது. ‘வெராகிரிப்ட்’ இலவசமாகக் கிடைக்கிறது. ஆனால் பாஸ்வேர்டை மறந்தால் உங்களாலும் திறக்க முடியாது. எனவே அதைக் காகிதத்தில் எழுதி, டிஸ்க்கோடு சேர்க்காமல், நம்பிக்கையான இருவரிடம் கொடுங்கள். வஸிய்யத் எழுதும்போது டிஸ்க் எங்கே, பாஸ்வேர்டு யாரிடம் என்பதையும் ஒரு வரி எழுதுங்கள். பழைய டிஸ்க்கை விற்காதீர்கள். சாதாரணமாக அழித்ததை மற்றவர் திரும்ப எடுக்க முடியும். பழுது பார்க்கக் கொடுக்கும்போது வீட்டு ஆண் ஒருவர் கூடவே இருங்கள், அல்லது கொடுக்கும் முன் பூட்டியிருக்கட்டும்.

எங்கள் பொறுப்பு

இனி எங்கள் குழு உங்கள் காகிதத்தை வாங்கினால், எங்களிடம் இரண்டு டிஸ்க்கில், இரண்டு வீடுகளில் இருக்கும். மூன்றாவது பிரதியை அன்றே உங்கள் கையில் பென்டிரைவில் கொடுப்போம். அதைத் திறந்து காட்டிவிட்டுத்தான் அசலைத் திருப்பித் தருவோம். இளைஞர்களில் யார் கற்றுக்கொள்ள வந்தாலும் சொல்லித் தருவோம். முதியவர்கள் மட்டும் இருக்கும் வீடுகளுக்கு நாங்களே வந்து பிரதி எடுத்துத் தருவோம், கட்டணம் இல்லை.

இன்று வீட்டுக்குப் போனதும் ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் வீட்டில் உயிரோடு இருக்கும் மூத்தவரைப் பக்கத்தில் உட்காரவைத்து, செல்போனில் பத்து நிமிடம் பேசச் சொல்லிப் பதிவு செய்யுங்கள். ஊர் பற்றி, தன் அத்தா அம்மா பற்றி, தெரிந்த சூராவை ஓதச் சொல்லி. தூங்கும் முன் அதை இன்னொரு இடத்தில் பிரதி எடுத்துவிடுங்கள். அந்தச் சகோதரியின் பிள்ளைகளுக்கு எங்களால் திருப்பித் தர முடியாதது உங்கள் பிள்ளைகளுக்காவது இருக்கட்டும்.

எங்கள் கவனக்குறைவால் இழந்த குடும்பங்களிடம் மீண்டும் மாஃப் கேட்கிறோம். அந்த மர்ஹூமின் கப்ரை அல்லாஹ் ஒளிமயமாக்குவானாக. நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதங்களை முறையாகப் பேணும் தவ்ஃபீக்கை நம் அனைவருக்கும் தருவானாக. ஆமீன்.

வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மதுல்லாஹி வபரகாத்துஹு.